டெய்லரம்மாவின் வலது கால்

கணுக்காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் டெய்லரம்மாவுக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. கட்டு இருந்தவரை காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மகன் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு, மகாராணி மாதிரி இருந்தாள். கட்டைப் பிரித்ததும் பயிற்சி சொல்லித்தரும் டாக்டர், பாதத்தை மெல்ல அழுத்தி மெல்ல விடச் சொல்லிவிட்டார். சுவரில் வைத்து அழுத்து, விடு. தலையணையில் வைத்து அழுத்து, விடு. வாழ்நாளெல்லாம் காலால் மிஷினை ஓட்டி ஒரு தெருவுக்கே சட்டையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுத்தவளுக்கு, இதைப்போல ஒரு வெட்டிவேலை உலகத்தில் இருக்காது என்று தோன்றியது.

தையல்கடை வாசற்படியில் வழுக்கி விழுந்தவளை மகன் பிடிவாதமாகத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். அவன் பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவன். விரல் நகத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன கலர் அதிகம் விற்றது என்று சொல்லிவிடலாம். மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அதிகம் பேசமாட்டாள். வேலை முடிந்து வந்ததும், "சாப்பிட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களா அத்தை" என்று கேட்டுவிட்டு உள்ளறைக்குள் போய்விடுவாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமும் இல்லை.

அந்த உள்ளறையில்தான் அந்தச் சாமான் இருந்தது. ஒரு இரும்புச் சட்டம், அதில் காரிலிருந்து கழற்றியது போல ஒரு சீட், எதிரே ஸ்டீயரிங், கீழே பெடல்கள், அதற்கு முன்னால் ஜன்னல் அகலத்துக்கு ஒரு திரை. முதலில் பார்த்தபோது, இந்த வயதிலும் பையனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்று டெய்லரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகன் சிரித்தான். அது கார் ரேஸ் விளையாட்டாம், அவனுடையது இல்லையாம், மனைவியுடையதாம். தூசி துடைக்கக்கூடத் தனக்கு அனுமதி கிடையாது என்றான்.

ஒரு விடுமுறை நாள் மதியம், மருமகள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. டெய்லரம்மா சுவரைப் பிடித்து நடந்து வந்தவள், எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் திரை படவில்லை, பெடல்தான் பட்டது. தலையணையை மிதிப்பதற்குப் பதில் இதை மிதித்தால் என்ன என்று தோன்றியது. மெதுவாக உட்கார்ந்து, வலது பாதத்தை வைத்து, டாக்டர் சொன்னபடி அழுத்தினாள்.

மருமகள் அணைக்காமல் போயிருந்த திரையில் கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அவள் பதறவில்லை. இழுத்துக்கொண்டு ஓடுகிற மிஷின் அவளுக்குப் புதிது இல்லையே. ரோடு நேராக இருந்தவரை நன்றாகவே போனாள். ஒரு வளைவு வந்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பினாள், வேகம் அதிகமோ என்று பட்டதும் காலை வெடுக்கென்று எடுத்தாள். அவ்வளவுதான். காரின் பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வந்து, கார் சுழன்று சுழன்று, புல்லில் போய் வந்த வழியைப் பார்த்து நின்றது.

வாசலில் மருமகள் கையில் கிளிப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"உடைச்சுட்டேன் போலிருக்கும்மா," என்றாள் டெய்லரம்மா.

"உடையாது அத்தை. அதை நான் தினமும் உடைக்கிறேன்," என்று சொல்லிச் சிரித்தாள் மருமகள். இவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே டெய்லரம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் பயிற்சி நேரம் எல்லாம் அந்த சீட்டில்தான். கால் நன்றாக மடங்கி நிமிர்ந்தது. ஆனால் கார்தான் நிமிரவில்லை. எந்த வளைவானாலும் பாதியில் வால் வீசும், சுழலும், திரும்பி நிற்கும். மருமகள் முதலில் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு மாமியாரின் காலையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, நோய் என்னவென்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னாள்.

"அத்தை, பயம் வந்தா நீங்க காலை எடுத்துடுறீங்க."

"பயம் வந்தா எடுக்காம? ஊசி விரல் பக்கம் வர்றப்போ காலை எடுக்கலேன்னா விரல் இருக்குமா? இத்தனை வருஷம் என் விரல் எல்லாம் முழுசா இருக்கறதே அதனாலதான்."

"மிஷின்ல அது சரி. இங்க அதுதான் வினையே. பஸ்ல நின்னுக்கிட்டுப் போறப்போ டிரைவர் திடீர்னு வேகத்தைக் குறைச்சா எல்லாரும் முன்னாடி சாயுறோம்ல? காரோட பாரமும் அப்படித்தான் முன்னாடி போயிடும். பின் டயர் லேசாயிடும், ரோட்டை விட்டுடும். அது பிடியை விட்டா வால்தான் முதல்ல போகப் பார்க்கும்."

டெய்லரம்மா யோசித்தாள். எஞ்சினின் இழுப்பு பின்சக்கரத்துக்குத்தான் போகிறது என்றும், அதனால் காலைத் திடீரென்று அமுக்கினாலும் வால் வீசும், திடீரென்று எடுத்தாலும் வால் வீசும் என்றும் மருமகள் விளக்கினாள். ஆக, குற்றம் அமுக்குவதிலும் இல்லை, விடுவதிலும் இல்லை, அந்தத் 'திடீர்' என்பதில்தான் இருந்தது. வேகத்தைக் குறைப்பதை வளைவுக்கு முன்னால், கார் நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு காலை முட்டையின் மேல் வைத்தது போல வைத்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்வது ஒன்று, கால் கேட்பது வேறு. புத்தி 'எடுக்காதே' என்று சொல்லி முடிப்பதற்குள் கால் எடுத்துவிட்டிருக்கும். இதற்கு மருமகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எக்ஸ்ரே அறையில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், வளைவு வரும்போதெல்லாம் காதருகே சொன்னாள்.

"அப்படியே பிடிங்க. அசையாதீங்க. விடாதீங்க... விடாதீங்க... இப்போ மெதுவா விடலாம்."

அந்தக் குரலுக்கு எத்தனையோ பேர் கட்டுப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் டெய்லரம்மாவின் வலது காலும் கட்டுப்பட்டது.

அடுத்தது கை. வால் வலது பக்கம் வீசினால் ஸ்டீயரிங்கையும் வலது பக்கமே திருப்ப வேண்டும் என்பது அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் திருப்பின கையைத் திரும்ப நேராக்க மறந்துவிடுவாள். கார் நிதானத்துக்கு வந்த அடுத்த கணம், யாரோ காதைப் பிடித்துத் திருகியது போல மறுபக்கம் சுண்டிவிடும். இந்த இரண்டாவது சுண்டுதல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்றாள் மருமகள். வால் திரும்பி வரத் தொடங்கும்போதே கையும் திரும்பி வந்துவிட வேண்டுமாம்.

கண்ணுக்கும் ஒரு பாடம் இருந்தது. சுவரில் மோதிவிடுவோமோ என்று சுவரையே பார்த்தால் கார் சுவருக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். "கத்தரி ஓடுற இடத்தைப் பார்க்காம, கோடு போற இடத்தைப் பார்த்து வெட்டுற மாதிரி," என்று டெய்லரம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருமகள் அதைக் கேட்டு, இதை நானே இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றாள். மாமியாருக்காகத் திரையில் ஓடும் காரின் அமைப்பிலும் சில மாற்றங்கள் செய்தாள். பின்பக்க ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிரேக்கின் பலத்தைச் சற்று முன்சக்கரத்துக்குத் தள்ளினாள். கார் முன்னைப்போல முரண்டு பிடிக்கவில்லை. இவ்வளவுக்கு அப்புறமும் காப்பாற்றவே முடியாது என்று தெரிந்துவிட்டால், கிளட்ச், பிரேக் இரண்டையும் இரண்டு காலாலும் அமுக்கிப் பிடித்துவிட வேண்டும். அப்போது கார் ரோட்டில் உருண்டு அடுத்தவன் மேல் போய் விழாமல், சறுக்கி ஓரிடத்தில் நின்றுவிடும்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மருமகளுக்கு ஒரு கூட்டாளிக் கும்பல் இருந்தது. ஒரு பல் டாக்டர், பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், இன்னும் சிலர். ஞாயிறு மதியம் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே டிராக்கில் ஓட்டுவார்கள், ஸ்பீக்கரில் பேசிக்கொள்வார்கள். டெய்லரம்மா தண்ணீர் கொண்டுபோய் வைக்கலாம் என்று கதவருகே வந்தபோது, பல் டாக்டரின் குரல் கேட்டது. பம்பரம் மறுபடியும் சுத்திடுச்சாம். எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சேர்ந்து சிரித்தாள்.

டெய்லரம்மா தண்ணீரைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

அன்று காலையில்தான் அவள் அடுத்தடுத்துச் சுழன்றிருந்தாள். மருமகள் அதைப் போய் ஊர்பேர் தெரியாத ஆட்களிடம் சொல்லி, பட்டப்பெயரும் வைத்து, சிரிக்கவும் செய்திருக்கிறாள். குழி விழுந்த கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்குத்தானா? கோபம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் அந்த அறைக்குப் போகவில்லை. கேட்டால் கால் வலி என்றாள். மகன் ஒரு மருந்தைத் தேய்த்துவிட்டான். வலி போகவில்லை. போகுமா? அவன் மனைவியிடம் போய்ச் சொல்ல, அவள் முகம் சுருங்கிவிட்டது. பெடலை மிதிக்கவிட்டது தன் தப்புதானோ, எலும்பு மறுபடி விலகிவிட்டதோ என்று பயந்துபோனாள். எவ்வளவு மறுத்தும் கேட்காமல் மாமியாரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

குளிர்ந்த மேஜையில் பாதத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் டெய்லரம்மா. மருமகள் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, பஞ்சு மெத்தையில் வைப்பது போலத் திருப்பி வைத்தாள். வெளியே பெஞ்சில் ஆட்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒருவர் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தார், ஒரு பெண் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவள் நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறாளா என்று அப்போதுதான் டெய்லரம்மாவுக்கு உறைத்தது.

படம் வந்தது. மருமகள் அதை வெளிச்சத்தில் வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"எலும்பு அழகா கூடியிருக்கு அத்தை. ஒரு குறையும் இல்லை. வலி எங்கதான் இருக்கு, தொட்டுக் காட்டுங்க."

இவ்வளவு பிரியமாகக் கேட்பவளிடம் பொய் சொல்ல நா எழவில்லை.

"கால்ல இல்லைம்மா. அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னைப் பம்பரம்னு சொல்லிச் சிரிச்சீங்களே. அதுதான்."

மருமகளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பம்பரம் நான்தான் அத்தை. அந்தக் கும்பல்ல என் பேரே அதுதான். சேர்ந்த புதுசுல ஒரு வருஷம் பூரா சுத்திக்கிட்டே இருந்தேன். இப்பவும் எனக்கு அவசரம் வந்தா சுத்திடுவேன். அன்னிக்கு சுத்தினது நான். உங்களைப் பத்தி நான் அவங்ககிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், எங்க அத்தை என்னைவிடச் சீக்கிரம் கத்துக்கறாங்கன்னு."

டெய்லரம்மாவுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லாத காலுக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்துவிட்டோமே என்ற வெட்கம் ஒருபக்கம், மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்ட நிம்மதி ஒருபக்கம். வெளியே காத்திருப்பவர்கள் கேட்கப்போகிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டே இருவரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, இந்த விளையாட்டு எப்படிப் பிடித்துப்போனது என்று டெய்லரம்மா கேட்டாள்.

"நாள் முழுக்க உடைஞ்சதையே பார்க்கிறேன் அத்தை. அந்தக் காரும் உடையும். ஆனா ஒரு பட்டனை அமுக்கினா சரியாயிடும். அது எனக்கு வேண்டியிருக்கு."

டெய்லரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு, கால் சரியில்லாத மாமியார் மருமகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று தோன்றியிருக்கும்.

கும்பல் ஜோடிப் போட்டி ஒன்று வைத்தது. ஒரு காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். மருமகள் யாரையும் கேட்காமல் மாமியாரின் பெயரைக் கொடுத்துவிட்டாள். திரையில் தெரிவதற்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்றபோது டெய்லரம்மா 'ஊசி' என்று போடச் சொன்னாள். பம்பரமும் ஊசியும் ஒரே கார். முக்கால்வாசி தூரத்தை மருமகள் ஓட்டுவது, கடைசியில் கொஞ்சம் டெய்லரம்மா ஓட்டுவது என்று பேச்சு.

போட்டி தொடங்கி மருமகள் முன்வரிசைக் கார்களோடு ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகன் எடுத்தான். ஆஸ்பத்திரி. ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம், உடனே வரச் சொன்னார்கள். மருமகள் காரை டயர் மாற்றும் இடத்துக்கு ஒதுக்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"போட்டியிலிருந்து விலகிடுவோம்மா," என்றாள் டெய்லரம்மா. "நீ போ, அதுதான் முக்கியம்."

"நான் போறேன். நீங்க ஏன் விலகணும்? புது டயர் போட்டிருக்கு, முதல் சுத்துல சூடாகி இருக்காது, பிடிக்காது. பொறுமையா போங்க." செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டாள்.

டெய்லரம்மா உட்கார்ந்தாள். மகன் பக்கத்தில் நின்றான். பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாதவன், பக்கத்துணைக்கு நின்றான்.

பொறுமையாகப் போகச் சொல்லியிருந்தாள். பொறுமையாகத்தான் போனாள். ஆனால் முதல் சுற்றிலேயே, வளைவை விட்டு வெளியே வரும்போது கால் ஒரு நூல் அதிகமாக இறங்கிவிட்டது. குளிர்ந்த டயர் வழுக்கியது. வால் போயிற்று. கையைத் திருப்பினாள், நேரம் கடந்துவிட்டது. இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்தாள். கார் சறுக்கிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் நின்றது. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் அவள் மேல் மோதவில்லை. மருமகள் சம்பாதித்து வைத்த இடமெல்லாம் போய்விட்டது.

"அவ்வளவுதானாம்மா?" என்றான் மகன்.

"அவ்வளவுதான்னா அவ்வளவுதானா? கியரைப் போட்டுக்கறேன், இருடா."

மறுபடி கிளம்பினாள். சுற்றுகள் போகப் போக டயர் சூடேறிப் பிடித்தது. அவளும் சூடேறினாள். யாரையும் முந்த வேண்டும் என்று நினைக்கவில்லை, நேர்த்தையல் போடுவது போல, வரைந்த கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் அவசரப்பட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார், அவரைத் தாண்டினாள். இன்னொரு கார் புல்லில் கிடந்தது, அதையும் தாண்டினாள்.

இறக்கத்தில் ஒரு பெரிய வளைவு இருந்தது. பழகிய நாளிலெல்லாம் அவளைத் தின்ற வளைவு அதுதான். கடைசிச் சுற்றுகளில் ஒன்றில், பல் டாக்டரின் கார் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அதை ஒரு கணம் பார்த்தாள், அது போதும், பின்சக்கரம் ஓரத்துப் புல்லைத் தொட்டுவிட்டது. வால் வீசியது. திரையில் ரோடு நகர்ந்து சுவர் வந்தது.

கால் எழும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. கை தானாகத் திரும்பியது. சுவரைப் பார்க்காமல், அதைத் தாண்டித் தெரிந்த கீற்றளவு ரோட்டைப் பார்த்தாள். ஸ்டீயரிங் கைக்குள் உதறியது. வால் திரும்பத் தொடங்கியதும் கையையும் திருப்பிக் கொண்டுவந்தாள். கார் ஒரு ஆட்டம் ஆடி, அடங்கி, ரோட்டோடு போனது.

"என்னம்மா ஆச்சு?" என்றான் மகன்.

"ஒண்ணும் ஆகலை. பேசாம இரு."

ஸ்பீக்கரில் பல் டாக்டரின் குரல் வந்தது. பயபக்தியோடு கேட்டார்.

"பம்பரம், இதை எப்பம்மா கத்துக்கிட்டே?"

"அவ வேலைக்குப் போயிட்டாப்பா. நான் அவ மாமியார்," என்றாள் டெய்லரம்மா.

அதற்குப் பிறகு பல் டாக்டர் அவளை முந்திப் போகவில்லை. வேண்டுமென்றே விட்டாரா, முடியாமல் விட்டாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஜெயித்தவர்களின் வரிசையில் பம்பரமும் ஊசியும் வரவில்லை. நடுவில் எங்கோ வந்தார்கள். எழுந்து நின்றபோதுதான் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருப்பதை டெய்லரம்மா உணர்ந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு மருமகள் வந்தாள். பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை, கை கால் எலும்புகள்தான், எல்லாம் கூடிவிடும் என்றாள். அப்படியே உள்ளறை சோபாவில் சரிந்தாள். மகன் உற்சாகமாகப் போட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எந்த வளைவு, எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னான். டெய்லரம்மா அவனை அதட்டி உட்காரவைத்துவிட்டு, பதிவானதைப் போடச் சொன்னாள்.

கார் சுழன்று நின்ற இடத்தைப் பார்த்ததும், பரவாயில்லை, யார்மேலும் போகாமல் நிறுத்திவிட்டீர்களே என்றாள் மருமகள். இறக்கத்து வளைவு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைத் திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள்.

"எனக்கே இது வராது அத்தை."

"வரும். நீ அவசரப்படாம இருந்தா வரும்," என்றாள் டெய்லரம்மா. சொன்னபிறகுதான், இதுநாள்வரை மருமகளுக்கு எந்த யோசனையும் தான் சொன்னதில்லையே என்று நினைவு வந்தது. மருமகள் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலை அப்படியே சாய்ந்து மாமியாரின் தோளில் வந்து தங்கிவிட்டது. கண் மூடியிருந்தது.

மகன் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று அறை வாசலில் நின்று கேட்டான். டெய்லரம்மா அசையாமல், கையால் மட்டும், சத்தத்தைக் குறைக்கும்படி சாடை காட்டினாள். எழுந்ததும் சாப்பிடுவாள், இப்போது எழுப்பாதே என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். திரையில் அவர்களுடைய கார் சத்தமில்லாமல் அடுத்த வளைவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிரேக்கை இன்னும் சற்று முன்னாலேயே விட்டிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.